தண்ணீரில் பிரிந்துபோகும் ஃப்ளை: பவானித் தம்பியின் கேள்விக்கு

பவானியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தூண்டில் முள்ளில் இறகு சுற்றிச் செய்யும் ஃப்ளை கட்ட கிட் வாங்கப் பல ஆயிரம் ஆகிறது, அதனால் பேன்சி ஸ்டோரில் வாங்கிய சில்க் த்ரெட்டையும் கறிக்கடையில் எடுத்த கோழி இறகையும் வைத்து வீட்டிலேயே கட்டிப் பார்த்தேன், மேஜை மேல் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆற்றில் அரை மணி நேரம் வீசினால் இறகு தண்டைச் சுற்றிச் சுழன்று தலைக்கட்டு பிரிந்துவிடுகிறது, ஒழுங்கான கிட் இல்லாமல் இதைக் கற்றுக்கொள்ளவே முடியாதா என்கிறார். கிட்டைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கட்டு ஏன் நிற்கவில்லை என்பது ஒன்று. நம் ஊரில் கிடைக்கிற பொருளை வைத்து மீன் எடுக்கிற மாதிரி ஒரு ஃப்ளை கட்ட முடியுமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முடியும் என்பதுதான் பதில். எப்படி என்று பின்னால் சொல்கிறேன், முதல் கேள்விதான் முக்கியம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருப்பூர் பக்கம் மில்லில் நூல் பரிசோதனைப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். ஃப்ளை கட்ட ஆரம்பித்துப் பதினைந்து வருடம் இருக்கும். நான் மீன் பிடித்ததெல்லாம் பவானி, அமராவதி, வாய்க்கால்கள், குளங்கள் என்று வெதுவெதுப்பான தண்ணீரில்தான். நீலகிரியின் குளிர்ந்த தண்ணீரில் வாழும் டிரவுட் மீனுக்குக் கட்டியது மிகக் குறைவு. அவலாஞ்சியில் 1907இல் வில்சன் என்பவர் தொடங்கிய மீன் குஞ்சு பொரிப்பகத்தால் அங்கே வானவில் டிரவுட் இருக்கிறது, ஆனால் அந்த மீனுக்கான மிதக்கும் சின்ன ஃப்ளைகளைப் பற்றி என்னைவிட அங்கே பிடிப்பவர்களைக் கேட்பதுதான் நல்லது. ஃப்ளை என்றால் என்ன என்று தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்கு: தூண்டில் முள்ளின் மேல் இறகு, நூல், ரோமம் இவற்றைச் சுற்றிப் பூச்சி மாதிரியோ குஞ்சு மீன் மாதிரியோ செய்வது. அதற்குச் சொல்லும்படியான எடை கிடையாது, வீசுவதற்கான எடை கனமான நரம்பில் இருக்கும்.

சரி, ஏன் பிரிகிறது? தம்பி, நீங்கள் வாங்கியது பட்டு அல்ல என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்ல முடியும். வளையலுக்கும் ஜிமிக்கிக்கும் சுற்ற பேன்சி ஸ்டோரில் சில்க் த்ரெட் என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது மரக்கூழிலிருந்து எடுத்த செயற்கைப் பட்டு. பளபளப்பு இருக்கும், விலை குறைவு, ஆனால் தண்ணீரில் நனைந்தால் அதன் பலம் பாதியளவுக்கு விழுந்துவிடும். காய்ந்திருக்கும்போது நீங்கள் இறுக்கிக் கட்டிய கட்டு ஆற்றில் இறங்கியதும் தளர்ந்து நீள்கிறது, அதுவும் வழுக்கும் நூல், அப்புறம் இறகு சுழலாமல் என்ன செய்யும்? சந்தேகம் இருந்தால் ஒரு விரல் நீளம் வெட்டி எரித்துப் பாருங்கள். விஸ்கோஸ் காகிதம் மாதிரி எரிந்து மென்மையான சாம்பலாகும். அசல் பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணி மாதிரி நிற்கும். ஃப்ளை கட்ட உங்களுக்கு வேண்டியது இந்த மூன்றாவது. நனைந்தாலும் அதன் பலம் குறையாது. பருத்தி நனைந்தால் பலம் கூடத்தான் செய்யும், ஆனால் ஈரத்தோடு டப்பாவில் போட்டு வைத்தால் மக்கும். நைலானும் பரவாயில்லை, கொஞ்சம் இழுபடும், அவ்வளவுதான்.

பாலியஸ்டர் என்றதும் தையல்கடை நூலை எடுத்துவிடாதீர்கள். அது பஞ்சு மாதிரி வெட்டிய இழைகளை முறுக்கி நூற்றது, மேலே ரோமம் நிற்கும், தடிமனும் அதிகம், இருநூறு டெனியருக்கு மேல் போகும், முள்ளின் தலையில் பத்துச் சுற்று போட்டாலே பட்டாணி மாதிரி உருண்டுவிடும். டெனியர் என்பது 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராம் என்ற கணக்கு. வெளிநாட்டில் ஃப்ளை கட்டுவதற்கென்றே விற்கும் நூல்களில் 70, 140 என்ற இரண்டு டெனியர்தான் அதிகம் ஓடுவது. பாக்கெட்டில் தடிமனுக்கு 6/0, 8/0 என்றும் போடுவார்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நம்ப வேண்டாம். இப்போது யோசித்துப் பாருங்கள், நம் பக்கம் விசைத்தறியில் சேலைக்கு ஓட்டும் பாலியஸ்டர் இழை 75 டெனியர், 150 டெனியர். வெட்டாத தொடர் இழை, முறுக்கு மிகக் குறைவு, தட்டையாகப் படியும். வெளிநாட்டு நூலுக்குப் பக்கத்திலேயே வருகிறது. ஈரோட்டிலோ பள்ளிபாளையத்திலோ தெரிந்த தறிக்காரர் இருந்தால் கோனில் மிஞ்சிய அடி நூலைக் கேளுங்கள், ஆயுளுக்கும் போதும். 12ஆம் நம்பர் முள்ளுக்கும் அதைவிடச் சின்னதுக்கும் 75, 8ஆம் நம்பருக்கும் அதைவிடப் பெரியதுக்கும் 150. முள்ளில் நம்பர் ஏற ஏற அளவு சிறியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நூல் மாறினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி இழுவிசை. புதிதாகக் கட்டுபவர்கள் அறுந்துவிடுமோ என்று பயந்து பயந்து சுற்றுகிறார்கள். சாதாரண நெசவு பாலியஸ்டர் டெனியருக்கு நாலு கிராம் அளவுக்குத் தாங்கும், 75 டெனியர் என்றால் சுமார் 300 கிராம். கால் கிலோ சர்க்கரைப் பையைத் தொங்கவிட்டால் தாங்கி, அதற்கு மேல் கொஞ்சம் போனால் அறும். நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் முதல் நாள் ஃப்ளை கட்ட விடமாட்டேன். வெறும் முள்ளில் நூலைச் சுற்றி, மெதுவாக இழுத்து இழுத்து வேண்டுமென்றே பத்து முறை அறுக்கச் சொல்வேன். எந்த இடத்தில் அறுகிறது என்பது கைக்குத் தெரிந்துவிட்டால், அதற்குக் கொஞ்சம் முன்னால் நின்று கட்டப் பழகிவிடலாம். தளர்வான பத்துச் சுற்றைவிட இறுக்கமான மூன்று சுற்று மேல். சுற்றச் சுற்ற நூலில் முறுக்கு ஏறிக் கயிறு மாதிரி உருளும். வலது கைக்காரர் என்றால் அவ்வப்போது பாபினை, அதாவது நூல் கண்டைப் பிடிக்கும் குழாய் வைத்த கருவியை, தொங்கவிட்டு மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுழற்றுங்கள், முறுக்கு பிரிந்து நூல் மறுபடி தட்டையாகும். தட்டை நூல் பிடிப்பது அகலமாக, தலையும் சிறிதாக முடியும்.

இறகு சுழல்வதற்கு இன்னொரு காரணம், வெறும் இரும்பின் மேல் கட்டுவது. முள்ளின் தண்டு வழுவழுப்பாக இருக்கும். முதலில் நூலாலேயே தண்டு முழுக்க ஒரு படுக்கை சுற்ற வேண்டும். நூல் நுனியைத் தண்டோடு நீளவாக்கில் பிடித்து, அதன் மேலேயே ஆறேழு சுற்று பின்னோக்கிப் போட்டால் முடிச்சே இல்லாமல் நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் இறகு. இறகைத் தண்டின் மேல் வைத்து, இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முள்ளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நூலை அந்த விரல்களுக்கு இடையே ஒரு தளர்ந்த வளையமாக மேலே கொண்டுபோய் அந்தப் பக்கம் இறக்கி, அப்புறம் நேர்கீழே இழுங்கள். விரலை எடுக்காமல் இதே மாதிரி இன்னும் இரண்டு. இழுக்கும்போது விரல் தளர்ந்தால் இறகு தண்டின் அந்தப் பக்கத்துக்கு ஓடிவிடும். இந்த ஒரு அசைவைச் சரியாகப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது, ஆனால் அதற்குப் பிறகு கட்டியதெல்லாம் நின்றது.

தலை பிரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இடம் விடாததுதான். முள்ளின் கண்ணுக்குப் பின்னால் அந்தக் கண்ணின் நீளத்துக்காவது வெறுமையாக விட்டு வையுங்கள், கடைசி வரை அங்கே போகவே போகாதீர்கள். எல்லோரும் உடம்பைக் கண் வரைக்கும் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் முடிச்சுப் போட இடமில்லாமல் இறகின் மேலேயே ஏற்றுவார்கள், அது சரிவில் கட்டிய கட்டு, வழுக்கி முன்னால் கழன்று வரும். முடிப்பதற்கு விப் ஃபினிஷர் என்று ஒரு கருவி இருக்கிறது, ஆனால் அது இல்லாமல் நான் பல வருடம் செய்தது இப்படி: தூண்டில் நரம்பில் ஒரு சாண் துண்டை இரண்டாக மடித்து, மடிப்பு கண்ணைத் தாண்டி முன்னால் வருகிற மாதிரியும் அறுத்த முனைகள் உடம்புப் பக்கம் இருக்கிற மாதிரியும் தலை மேல் வைத்து, அதன் மேல் நூலை ஐந்தாறு சுற்று சுற்றி, நூலை வெட்டி அந்த நுனியை மடிப்புக்குள் நுழைத்து, நரம்பின் இரண்டு முனையையும் பின்னால் இழுத்தால் நூல் நுனி சுற்றுகளுக்கு அடியில் புதைந்து வெளியே வரும். ஒட்ட வெட்டிவிடுங்கள். மேலே நிறமில்லாத நகப்பூச்சு ஒரு துளி, காய்ந்ததும் இன்னொரு துளி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். கண் துவாரத்தை ஊசியால் அப்போதே சுத்தம் செய்யுங்கள், ஆற்றங்கரையில் நின்றுகொண்டு குத்துவது பெரிய பாடு. ஃபெவிக்விக் தலைக்கு வேண்டாம், இறகுக்குள் ஓடி விறைத்துவிடும். அடியில் போட்ட நூல் படுக்கைக்கு வேண்டுமானால் தொட்டுக்கொள்ளலாம்.

கருவிக்கு அதிகம் செலவு செய்ய வேண்டியதில்லை. முள்ளைப் பிடிக்க பூட்டிக்கொள்ளும் பிளையர் ஒன்றைக் கிளாம்ப் வைத்து மேஜையில் இறுக்கினால் போதும், கோயமுத்தூரில் லேத் பட்டறையில் தெரிந்தவர் இருந்தால் ஒரு மத்தியானத்தில் நல்ல வைஸே செய்து கொடுப்பார். பணம் போடுவதாக இருந்தால் இரண்டில் போடுங்கள்: நுனி வரை வெட்டும் சின்னக் கத்தரி, குழாய் வாய் வழவழப்பாக இருக்கும் பாபின். மலிவான பாபினில் குழாயின் வாய் கூராக இருந்து நூலை அறுத்துக்கொண்டே இருக்கும், நாம் நூலைக் குறை சொல்வோம்.

இனி இறகு. கறிக்கடையில் நீங்கள் எடுத்தது பிராய்லர் என்றால் அதுவும் ஒரு காரணம். ஆறு வாரத்தில் வெட்டும் கோழி அது, இறகு முதிர்ந்தே இருக்காது, காம்பு மெத்தென்று இருக்கும், சுற்றும்போதே முறியும். உங்களுக்கு வேண்டியது ஒரு வருடத்துக்கு மேல் வளர்ந்த நாட்டுச் சேவல். அதற்கு நம் கொங்கு நாட்டைவிட நல்ல இடம் எது? காட்டுத் தோட்டத்தில் சேவல் இல்லாத வீடு குறைவு. நோம்பிக்கு அறுக்கும்போது சொல்லிவைத்து, கழுத்துத் தோலை இறகோடு முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள், முதுகின் பின்பக்கம் வாலுக்கு முன்னால் தொங்கும் நீள இறகுகளையும் சேர்த்து. கழுத்து இறகில் மேலே சின்னது, கீழே போகப் போகப் பெரியது, ஒரே தோலில் எல்லா முள் அளவுக்கும் கிடைக்கும். சுற்றிய இறகின் மயிர் முள்ளின் வாய் அகலத்தை, அதாவது தண்டுக்கும் கூர் நுனிக்கும் உள்ள இடைவெளியை, போல ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு நீளம் இருக்கலாம். பெட்டைக் கோழியின் இறகு மென்மை, தண்ணீரை உறிஞ்சி அசையும், மூழ்கும் ஃப்ளைக்கு அதுதான் நல்லது. சேவலின் விறைத்த இறகு மிதப்பதற்கு. தொடைக்குப் பின்னால் இருக்கும் பஞ்சிறகை ஒருவரும் மதிப்பதில்லை, அது தண்ணீரில் உயிருள்ளது மாதிரி அலையும், வாலுக்கு அதைவிட நல்ல பொருள் நான் காணவில்லை. செவலை, கருப்பு, சாம்பல், வெள்ளை, இந்த நாலு இருந்தால் போதும். சுமார் 1800 வருடத்துக்கு முன் ஈலியன் என்ற ரோமானியர் மாசிடோனியாவில் மக்கள் மீன் பிடித்ததை எழுதும்போதும் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் தாடிக்கு அடியில் வளரும் இரண்டு இறகைக் கட்டினார்கள் என்றுதான் சொல்கிறார். பொருள் இன்னும் மாறவில்லை.

எடுத்த இறகை வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு போட்டு அலசி நிழலில் உலர்த்துங்கள். தோலில் ஒட்டிய கொழுப்பை வழித்து உப்பு தேயுங்கள். பிறகு பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில், இரண்டு நாள் வெளியே, மறுபடி ஒரு வாரம் ஃப்ரீசரில். முதல் முறை புழு சாகும், தப்பிய முட்டை வெளியே பொரிந்தால் இரண்டாம் முறை அதுவும் போகும். இதைச் செய்யாமல் ஒரு டப்பா நிறைய இறகை நான் பூச்சிக்குக் கொடுத்திருக்கிறேன், திறந்தபோது காம்பும் தூளும்தான் இருந்தது.

மயிலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தோகையின் பச்சை இழை உடம்பு சுற்ற அருமையான பொருள், நம் தோட்டங்களில் தானாக உதிர்ந்து கிடக்கும். 1972ஆம் வருட வன உயிரினச் சட்டத்தில் மயிலுக்கு உச்சப் பாதுகாப்பு உண்டு. இயற்கையாக உதிர்ந்த தோகையை வைத்துக்கொள்வதற்கு விலக்கு இருக்கிறது, வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. ஆகவே நீங்களே பொறுக்கியதை உங்கள் ஃப்ளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் கட்டிய ஃப்ளையை வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பாதீர்கள். காட்டுக்கோழி இறகு பக்கமே போக வேண்டாம். அதன் கழுத்தில் மெழுகுப் பொட்டு மாதிரி இருக்கும் இறகுக்காகவே ஐரோப்பாவின் சால்மன் ஃப்ளைக்கு அந்தப் பறவையை நம் மலைகளில் கொன்று குவித்தார்கள். அந்த வேலையை நாம் தொடர வேண்டாம்.

உடம்புக்கு நம் ஊர் ஒரு சுரங்கம். ஃபேன் காயில் கட்டும் கடையில் 36 கேஜ் செம்புக் கம்பி மிச்சம் கேளுங்கள், அது 0.19 மில்லிமீட்டர். எரிந்த காயிலில் பிரித்தது வேண்டாம், இனாமல் கருகி உதிரும். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்த பிராங்க் சாயர் தன் புகழ்பெற்ற ஃப்ளையை நூலே இல்லாமல், மெல்லிய செம்புக் கம்பியாலும் ஃபெசன்ட் பறவையின் வால் இழையாலும் மட்டும் கட்டினார். எடையும் அந்தக் கம்பி, கட்டும் அந்தக் கம்பி. அவருடைய இன்னொரு ஃப்ளைக்கு சாட்விக்ஸ் 477 என்ற தையல் கம்பளி நூல்தான் வேண்டும் என்று நின்றார், அந்த நூல் தயாரிப்பு நின்ற பிறகு அதன் அட்டைகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். காரணம், அது நனைந்ததும் மாறும் நிறம். நூல்காரனாக நான் இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். காய்ந்த நூலின் நிறத்தைப் பார்த்து எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் ஆற்றுத் தண்ணீர் எடுத்து, நூல் துண்டை முக்கி, வெளிச்சத்தில் பாருங்கள். கம்பளியும் பட்டும் நனைந்தால் கருக்கும், பாலியஸ்டர் அவ்வளவாக மாறாது. திருப்பூர் ஓவர்லாக் மிஷினில் ஓடும் உப்பலான பாலியஸ்டர் நூல் உடம்பு சுற்ற நல்லது, கோபிப் பக்கம் பட்டுக் கழிவு கிடைத்தால் அதுவும்.

முதலில் எதைக் கட்டுவது? ஒரே ஒரு வகையை எடுத்து இருபது கட்டுங்கள். என் தேர்வு வுல்லி பக்கர், 1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரசல் பிளெசிங் உருவாக்கியது. 8ஆம் நம்பர் முள், தண்டின் நீளத்துக்குப் பஞ்சிறகு வால், கருப்போ பழுப்போ ஓவர்லாக் நூலில் உடம்பு, அதன் மேல் முன்னிருந்து பின்னாகச் சேவல் முதுகிறகை இடைவெளி விட்டுச் சுற்றி, கடைசியில் செம்புக் கம்பியை எதிர்த் திசையில் சுற்றி இறகின் காம்பைக் குறுக்கே பூட்டிவிட வேண்டும். அந்தக் கம்பி இருந்தால் மீன் பல் பட்டு ஒரு இடத்தில் அறுந்தாலும் இறகு முழுக்க அவிழாது. இது இறாலாகவும் தெரியும், தட்டான் குஞ்சாகவும் தெரியும், கெண்டைக் குஞ்சாகவும் தெரியும். ஜிலேபி மீன் இதை நன்றாக எடுக்கும்.

இரண்டாவதாக, கோடை மழைக்கு முன்பே பத்து ஈசல் கட்டி வையுங்கள். முதல் மழை விட்ட சாயங்காலம் புற்றீசல் கிளம்பி வாய்க்கால் மேல் விழும்போது, கெண்டையெல்லாம் மேலே வந்து வாய் பிளந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 12ஆம் நம்பர் முள், மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிய பழுப்பு ஃபோம் பட்டை உடம்பு, முதுகின் மேல் படுக்கையாக உடம்பைவிட நீளமான இரண்டு பெட்டைக்கோழி இறகு நுனி, கழுத்தில் இரண்டே சுற்று செவலை இறகு. அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறு எந்த ஃப்ளையும் இதற்கு ஈடாகாது.

இதுவரை சொன்ன நூல், இழுவிசை, இடம் விடுவது இவை சோதித்து உறுதியானவை. நிறம் பற்றி நான் சொல்வது என் அனுபவம் மட்டும்: கலங்கிய தண்ணீருக்குக் கருப்பு, தெளிந்ததற்குப் பழுப்பும் சாம்பலும். வேறு ஒருவர் நேர்மாறாகச் சொன்னால் சண்டைக்குப் போகமாட்டேன். நீளமும் எடையும் நிறத்தைவிட முக்கியம் என்பதும் என் எண்ணம்தான், ஆனால் அதை அழுத்திச் சொல்வேன்.

கட்டும் முன்பே, மீன் கழன்றுவிடாமல் தடுக்கும் எதிர்முள்ளைப் பிளையரால் நசுக்கிவிடுங்கள். முள் உடைவதானால் அப்போதே உடையட்டும், இருபது நிமிடம் கட்டிய பிறகு உடைந்தால் வயிறு எரியும், மீனையும் காயமில்லாமல் விடலாம். அணைகளிலும் மேல் பவானியிலும் மாயாற்றிலும் அனுமதி கேட்காமல் இறங்காதீர்கள், மாயாறு ஓடுவது புலிகள் காப்பகத்துக்குள். காவிரிப் படுகையின் பெரிய கூன்முதுகு மஹ்சீர் மீன், அமராவதிக்கு வரும் பாம்பாற்றில் கிடைத்ததை வைத்து அறிவியல் பெயர் பெற்ற இனம், இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. உங்கள் முள்ளில் வந்தால் தண்ணீரை விட்டு எடுக்காமலே கழற்றி விட்டுவிடுங்கள். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகச் சுழலும் விரால் பார்ப்பைக் கண்டால் அந்த இடத்தில் வீச வேண்டாம், தாய் தகப்பன் அடியிலேயே நிற்கும்.

முதலில் அந்த சில்க் த்ரெட்டை எரித்துப் பாருங்கள் தம்பி. சாம்பலா மணியா என்று எழுதுங்கள், முள்ளின் நம்பரையும் சேர்த்து.